‘முழுவதும் ஒப்புக்கொடுத்தேனா?’ என்று தூங்காமல் கிடக்கும் சகோதரருக்கு

களியக்காவிளைக்குப் பக்கத்து ஊரிலிருந்து 46 வயது சகோதரர் ஒருவர் ஒன்பது பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

ரப்பர் பால்வெட்டு அவர் தொழில். சொந்தமாக 40 சென்ட், அதில் 75 மரம். ஒருநாள் விட்டு ஒருநாள் சொந்த மரத்தில் வெட்டு. மற்ற நாள் இன்னொருவர் தோட்டத்தில் கூலிக்கு. வீட்டில் மனைவி, பத்தாம் வகுப்பு படிக்கும் மகன், 74 வயது அம்மா. மகள் பெங்களூருவில் நர்சிங் மூன்றாம் ஆண்டு. அந்தப் படிப்புக்கு வாங்கிய கடனுக்காக நிலப் பத்திரம் கூட்டுறவு வங்கியில் ஈடாக இருக்கிறது. ஏழு வருடமாகச் சர்க்கரை நோய். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சாப்பிட்டு வந்தார்.

நான்கு மாதத்துக்கு முன் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் நடந்த மூன்று நாள் கன்வென்ஷனுக்கு (ஜெபக் கூட்டத்துக்கு) போயிருக்கிறார். கடைசி இரவு, நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவைத்துச் செத்து விழுந்த அனனியா சப்பீராள் தம்பதியை வைத்துப் பிரசங்கம். அழுதுகொண்டே முன்னால் போய், அச்சடித்த தாளில் மூன்று காரியம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 20 சென்டை ஊழியத்துக்கு எழுதிக்கொடுப்பது, வெட்டை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போவது, 40 நாள் உபவாசம் இருப்பது. வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை. மறுநாளே உபவாசத்தைத் தொடங்கினார். மாலையில் பழச்சாறு மட்டும். மாத்திரையையும் ‘விசுவாசத்தில்’ நிறுத்திவிட்டார். ஒன்பதாம் நாள் விடியுமுன், தலையில் விளக்கு, கையில் கத்தியோடு மரத்தடியில் விழுந்து கிடந்தவரை மகன்தான் கண்டெடுத்தான். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை 390.

இப்போது அந்த அனல் இல்லை. ராத்திரி ‘ஆண்டவரே, என்னை முழுவதும் ஒப்புக்கொடுக்கிறேன்’ என்று ஜெபிக்கிறார், சரியாகச் சொல்லவில்லை என்று தோன்றுகிறது, மறுபடி சொல்கிறார். முப்பது நாற்பது தடவை ஆகிவிடுகிறது. பாயைத் திண்ணைக்கு மாற்றிவிட்டார். நில விஷயம் அடுத்த வீட்டார் வழியாகத்தான் மனைவிக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அவர் பேசுவதில்லை. கூட்டத்தை நடத்தியவர்களின் ஆள் ஒருவர் வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து ‘பத்திரம் எப்போ’ என்று கேட்கிறார். ஏழாம் பக்கத்தில், பேச்சோடு பேச்சாக ஒரு வரி: “அண்ணனோடு ஆறு வருஷமாப் பேச்சில்லை, கையாலை கெட்டும்போ ஒன்றரை சென்ட் என் பக்கம் கேறிப் போட்டான்.” கையாலை என்பது நிலத்தின் எல்லைச் சுவர்.

அவர் கேட்பது மூன்று. என் ஒப்புக்கொடுத்தல் பொய்யா? பொருத்தனையை (தேவனுக்கு நேர்ந்துகொண்டதை) நிறைவேற்றாவிட்டால் பிள்ளைகள்மேல் சாபம் வருமா? மனைவி சம்மதிக்காவிட்டாலும் தேவனுக்குத்தானே முதலிடம்?

சகோதரரே, மாத்திரையை மறுபடி தொடங்கினீர்களா என்று ஒன்பது பக்கத்திலும் தேடினேன், இல்லை. தொடங்கவில்லை என்றால் இதை வாசித்து முடிக்கக் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே டாக்டரைப் போய்ப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அன்று இரவு நீங்கள் விட்ட கண்ணீரைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. தேவனுக்கு எதையும் மிச்சம் வைக்காமல் வாழவேண்டும் என்ற தாகம் ஒரு மனிதனுக்கு வருவது பெரிய கிருபை. அந்தத் தாகத்தை அணைக்க நான் எழுதவில்லை. அது எந்த வாய்க்காலில் ஓட வேண்டும் என்பதுதான் கேள்வி.

‘ஒப்புக்கொடு’ என்றால் என்ன

நீங்கள் மேற்கோள் காட்டிய ரோமர் 12:1-ல் (சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கச் சொல்லும் வசனம்) ‘ஒப்புக்கொடு’ என்று வரும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கும் வினைச்சொல்லுக்கு, ஒருவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்துதல் என்று பொருள். ரோமர் 6:13-ல் அவயவங்களை ஒப்புக்கொடுக்கச் சொல்லும்போதும் அதே சொல். லூக்கா 2:22-ல் குழந்தை இயேசுவை தேவாலயத்துக்குக் கொண்டுபோன இடத்திலும் அதுவேதான். அங்கே என்ன நடந்தது பாருங்கள். பிள்ளையைக் கர்த்தருக்கென்று நிறுத்தினார்கள். முறைமையெல்லாம் முடிந்ததும் தூக்கிக்கொண்டு நாசரேத்துக்குத் திரும்பினார்கள். ஒப்புக்கொடுக்கப்பட்ட பிள்ளை தச்சன் வீட்டில்தான் வளர்ந்தது. ஒப்புக்கொடுத்தவுடன் வீட்டையும் தொழிலையும் விட்டு வெளியேற வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இல்லை.

‘ஜீவபலி’ என்பதையும் நிதானமாக யோசியுங்கள். பலிபீடத்தில் வைத்த ஆடு ஒருமுறை செத்தால் காரியம் முடிந்தது. உயிரோடிருக்கிற பலி மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு, மறுபடி தன்னை வைக்க வேண்டும். லூக்கா 9:23-ல் சிலுவையை எடுக்கச் சொல்லும்போது ஆண்டவர் ‘அநுதினமும்’ என்று சேர்த்துச் சொன்னது இதற்காகத்தான்.

பால்வெட்டு உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு வெட்டுக்குப் பட்டை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் செலவாகக் கூடாது. உள்ளே தடியைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் விட்டு நிறுத்த வேண்டும். இன்றைக்கே சிரட்டை நிறையட்டும் என்று கத்தியை ஆழ்த்தினால் நிறையத்தான் செய்யும். ஆனால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் வெட்டு ஓடாது. ஏழாம் வருடம் வெட்டத் தொடங்கிய மரம் இருபது இருபத்தைந்து வருடம் பால் தருவது மெல்லிய சீவலால். உங்கள் ஆத்துமாவில் அந்த ஒரே இரவில் கத்தி ஆழமாக இறங்கிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அனல் தணிந்துவிட்டதே என்று பயப்படுகிறீர்கள். மூன்று இரவு சரியான தூக்கமில்லை, பாட்டு, ஆயிரம் பேர் அழும் சத்தம். உடம்பு எந்நாளும் அந்த நிலையில் நிற்காது, தணியத்தான் வேண்டும். 16-ஆம் நூற்றாண்டில் லொயோலா இஞ்ஞாசியார் ஆவிகளைப் பகுத்தறிய எழுதிவைத்த விதிகளில் ஒன்று உங்களுக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. தேவன் தரும் ஆறுதலின் நேரம் வேறு, அது போனபின் மனதில் சூடு மட்டும் நிற்கும் நேரம் வேறு. அந்தப் பின்நேரத்தில் நாமே பல திட்டங்களைத் தீட்டி, அவையும் தேவனிடமிருந்து வந்தவை என்று எண்ணிக்கொள்வோம். ஆகவே அவற்றை நன்றாகச் சோதித்த பிறகே செயல்படுத்த வேண்டும் என்கிறார். அவர் கத்தோலிக்கர் என்று தள்ளிவிடாதீர்கள். சீர்திருத்த சபையிலும் இதே நிதானம் உண்டு. ஜான் வெஸ்லி 1755 ஆகஸ்ட் 11 அன்று லண்டனில் தம் மக்களோடு உடன்படிக்கை ஆராதனை நடத்தினார். ‘நாங்கள் முழுவதும் உமக்கே’ என்று எழுந்து நின்று சொல்லும் ஆராதனை. அதற்கு முந்தின நாட்களில் காலைதோறும் அதன் அர்த்தத்தை விளக்கி, ஒருநாள் உபவாசித்த பிறகுதான் எழுந்து நிற்கச் சொன்னார். மெதடிஸ்ட் மரபில் இன்றும் வருடம் பிறக்கும்போது அதைப் புதுப்பிக்கிறார்கள். உங்களுக்குக் கிடைத்தது ஒரு அரைமணி நேரமும் ஒரு பேனாவும்.

அனனியாவும் சாபமும்

அந்தப் பகுதியை நீங்களே திறந்து வாசியுங்கள். அப்போஸ்தலர் 5:4-ல் பேதுரு அனனியாவிடம் கேட்பது, விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ, விற்றபின்பும் அதின் கிரயம் உன் வசத்திலிருக்கவில்லையோ என்று. நிலத்தை வைத்துக்கொள்ள அவனுக்கு உரிமை இருந்தது. பாதி கொடுக்கவும் உரிமை இருந்தது. ஒரு பங்கைக் கொண்டுவந்து முழுசு என்று சொன்னதுதான் பாவம். உண்மையைச் சொல்லி ‘என்னால் இவ்வளவுதான் முடியும்’ என்கிறவனுக்கும் அனனியாவுக்கும் சம்பந்தமே இல்லை.

பொருத்தனையை நான் லேசாகப் பேசவில்லை. பொருத்தனை பண்ணிவிட்டுச் செலுத்தாமற்போவதைவிடப் பண்ணாமலிருப்பதே நலம் என்று பிரசங்கி 5:5 சொல்கிறது. ஆனால் அதே வேதம், யோசிக்காமல் வாய்தவறினவனுக்கு வழியையும் வைத்திருக்கிறது. பதறி ஆணையிட்டவன் அதை உணரும்போது அறிக்கையிட வேண்டும், அவனுக்காகப் பாவநிவிர்த்தி செய்யப்படும் என்பது லேவியராகமம் 5:4-6. நேர்ந்துகொண்ட வீட்டையும் வயலையும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொடுத்து மீட்டுக்கொள்ளலாம் என்பது 27-ஆம் அதிகாரம். பொருத்தனையைப் பிடிவாதமாக நிறைவேற்றிய யெப்தாவின் வீட்டில் (நியாயாதிபதிகள் 11) மிஞ்சியது ஒரு மகளின் சாவு. பிள்ளைகள்மேல் சாபம் என்ற பயத்துக்கு கலாத்தியர் 3:13 போதும்: கிறிஸ்து நமக்காகச் சாபமாகி, நியாயப்பிரமாணத்தின் சாபத்துக்கு நம்மை நீங்கலாக்கி மீட்டுக்கொண்டார்.

ஆகவே செய்ய வேண்டியது, அறிக்கையிடுவது. உங்கள் சபைப் போதகரோடு உட்கார்ந்து, ‘என் வீட்டாரைக் கேளாமல், என் நிலை அறியாமல் வாக்குக் கொடுத்தேன்’ என்று ஜெபத்தில் சொல்லுங்கள். பிறகு கூட்டம் நடத்தியவர்களுக்கு நான்கு வரி எழுதுங்கள்: “இன்ன தேதியில் நான் கையெழுத்திட்ட தாளில் உள்ள மூன்று வாக்குகளையும் என் குடும்பத்தோடு கலந்து பேசாமல் எழுதினேன். அது தவறு. அவற்றைத் திரும்பப் பெறுகிறேன். இனி இதுபற்றிப் போன் செய்ய வேண்டாம்.” நகல் எடுத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மன்னிப்பு, விளக்கம், வசன விவாதம் எதுவும் அதில் வேண்டாம். நீளமாக எழுதினால் பேரம் பேசத்தான் போன் வரும்.

20 சென்ட்

சட்டப்படி, மேடையில் சொன்ன சொல்லாலோ தாளில் போட்ட கையெழுத்தாலோ நிலம் கைமாறாது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 123-ன்படி அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுக்க, கொடுப்பவர் கையெழுத்தும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் உள்ள பதிவு செய்த பத்திரம் வேண்டும். நீங்கள் இன்னும் எதையும் கொடுக்கவில்லை. யாரும் உங்களிடம் கேட்க முடியாது.

ஆபத்து பதிவுக்குப் பிறகுதான். முறையாகக் கொடுத்து, ஏற்றுக்கொள்ளப்பட்ட தானத்தை மனம் மாறியது என்று திரும்ப வாங்க பிரிவு 126 இடம் தராது. ஏமாற்று, வற்புறுத்தல், தகாத செல்வாக்கு என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டிவரும். ஆவிக்குரிய வழிகாட்டிக்கும் விசுவாசிக்கும் இடையே உள்ள செல்வாக்கை நீதிமன்றங்கள் கூர்ந்து பார்க்கத்தான் செய்கின்றன. ஆனாலும் அது வருடக்கணக்கான வழக்கு. கிரயப் பத்திரம் உங்கள் ஒருவர் பேரில் இருப்பதால் மனைவியின் கையெழுத்து இல்லாமலே நீங்கள் எழுதிக்கொடுத்துவிட முடியும். ‘சட்டம் தடுக்கவில்லையே’ என்று இதை தைரியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நிலம் வாங்க உங்கள் மனைவியின் 14 பவுன் போனதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கல்யாணத்துக்கு அவர் வீட்டார் போட்ட நகை அவருடைய சொத்து. பத்திரத்தில் அவர் பேர் இல்லை, மண்ணில் இருக்கிறது. போதாததற்கு அதே பத்திரம் வங்கியில் ஈடாக இருக்கிறது. மகள் படிப்புக்கு அடகு வைத்த நிலத்தைக் கடன் தீராமல் காணிக்கையாக வைத்தால், கடனையும் சேர்த்து வைத்ததாகிவிடும்.

‘தேவனுக்குத்தானே முதலிடம்’ என்ற உங்கள் மூன்றாம் கேள்விக்கு ஆண்டவரே பதில் சொல்லியிருக்கிறார். தாய் தகப்பனுக்கு உதவ வேண்டியதை ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டால் போதும் என்ற போதனையை மாற்கு 7:9-13-ல் அவர் கண்டித்தார். தேவ கட்டளையைப் பாரம்பரியத்தால் அவமாக்குகிறீர்கள் என்றார். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்பது 1 தீமோத்தேயு 5:8. 74 வயது அம்மாவும், ஹாஸ்டல் கட்டணத்துக்கு உங்களை நம்பியிருக்கும் மகளும் உங்கள் அர்ப்பணிப்புக்குத் தடை என்று நினைக்கிறீர்கள். தேவன் உங்கள் கையில் ஒப்புக்கொடுத்தவர்கள் அவர்கள்.

கொடுக்க வேண்டும் என்ற ஆசை உண்மையானது. அதைக் காயவிட வேண்டாம். மனைவியோடு பேசி, 75-ல் ஒரு வரிசை மரத்தை, ஏழோ எட்டோ, குறித்து வையுங்கள். அதன் ஷீட்டும் ஒட்டுப்பாலும் விற்ற பணம் கர்த்தருடையது. மழைக்காலத்தில் வெட்டு இல்லாதபோது காணிக்கையும் இல்லை. அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். 2 கொரிந்தியர் 8:12, ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்கிறது. நிலமாகவே கொடுக்கத்தான் ஆசை என்றால் கடன் தீர்ந்து, மகன் சொந்தக் காலில் நின்ற பிறகு உயிலில் எழுதலாம். உயிரோடிருக்கும்வரை மாற்றி எழுதும் உரிமை உங்களுக்கு உண்டு. கிறிஸ்தவர்கள் தர்ம காரியத்துக்கு உயில் எழுத முன்பு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு தடை வைத்திருந்தது. அதை 2003-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று நீக்கிவிட்டது. எப்போது கொடுத்தாலும் தனி மனிதர் பேரில் எழுதாதீர்கள். பதிவு பெற்ற சபை அல்லது அறக்கட்டளையின் பேரில், அதன் பதிவுச் சான்றையும் வரவு செலவுக் கணக்கையும் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே எழுத வேண்டும். கணக்குக் கேட்டால் முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு சென்டும் வேண்டாம்.

வெட்டை விடுவது

மாற்கு 5-ல் கல்லறைகளில் திரிந்து, பிசாசின் பிடியிலிருந்து விடுதலையானவன் இயேசுவோடு படகில் வர உத்தரவு கேட்டான். உங்களைவிட அதிகமாய் அவன் ஆசைப்பட்டிருப்பான். ஆண்டவர் உத்தரவு கொடுக்கவில்லை. ‘உன் வீட்டுக்குப் போ’ என்றார். பவுல் கொரிந்துவில் கூடாரம் தைத்தார் (அப்போஸ்தலர் 18:3). நம் மண்ணிலேயே பாருங்கள். மறைசாட்சி தேவசகாயம் 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அதன்பிறகும் திருவிதாங்கூர் அரசுப் பணியில்தான் இருந்தார். 1749-ல் கைது செய்து பணியை விட்டு விலக்கியது அரசு, அவராகப் போகவில்லை. 1752-ல் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். ஞானஸ்நானத்துக்கும் கைதுக்கும் இடையில் நான்கு வருடம் வேலைக்குப் போய்வந்தவரின் அர்ப்பணிப்பில் யாரும் குறை காண முடியாது.

உங்களுக்கு ஊழிய அழைப்பே இல்லை என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை. சோதித்துப் பார்க்க வழி உண்டு. அந்தியோகியாவில் பவுலையும் பர்னபாவையும் பிரித்து அனுப்பியது சபை (அப்போஸ்தலர் 13:2-3). உங்கள் சபையில் ஒரு வருடம் ஏதாவது ஒரு வேலையை, யாரும் பார்க்காததை, எடுத்துச் செய்யுங்கள். வெட்டு முடிந்து பால் உறையவைத்த பிறகு காலை பதினொரு மணிக்கு மேல் உங்களுக்கு நேரம் இருக்கிறது. படுக்கையில் இருக்கும் முதியோரைப் பார்க்கப் போகலாம். ஓய்வுநாள் பள்ளியில் உதவலாம். ஒரு வருடத்துக்குப் பின் போதகரும் மூப்பர்களும் மனைவியும், மூன்று தரப்பும், ‘இவருக்கு இது இருக்கிறது’ என்று சொன்னால் அப்போது அடுத்ததைப் பேசலாம். உங்கள் காதில் மட்டும் கேட்கும் அழைப்புக்கு வேலையை விடாதீர்கள்.

உபவாசம், மாத்திரை, திண்ணை

மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று எங்கிருந்து வந்தது தெரியவில்லை. எசேக்கியா ராஜாவுக்கு ஆயுளைக் கூட்டித் தந்த தேவனே பிளவையின்மேல் அத்திப்பழ அடையைக் கட்டச் சொன்னார் (ஏசாயா 38:21). பவுலோடு பயணம் செய்த லூக்கா வைத்தியன். உங்கள் நிலையில் ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பழச்சாறு குடித்தால் சர்க்கரை ஏறி, உடம்பில் நீர் வற்றி, விழுந்தீர்களே, அதுதான் நடக்கும். மாறாக, கிளிமிபிரைடைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமலிருந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி வியர்வை, கைநடுக்கம், மயக்கம் வரும். கையில் வெட்டுக்கத்தி, காலடியில் வழுக்கும் சரிவு, சுற்றிலும் இருட்டு. இரண்டும் உயிருக்கு விளையாட்டல்ல.

தானியேல் மூன்று வாரம் உபவாசித்தபோது ருசியான அப்பத்தையும் மாம்சத்தையும் திராட்சரசத்தையும்தான் விட்டார் (தானியேல் 10:3). மூன்று வேளையும் அளவாகச் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டு, வெள்ளிக்கிழமை தோறும் மீனையும் போனையும் விடலாம். அந்த மீன் காசை அடுத்த வீட்டு விதவைக்குக் கொடுக்கலாம். ஏசாயா 58 சொல்லும் உபவாசம் அதற்கு வெகு அருகில் இருக்கிறது. எந்த வேளைச் சாப்பாட்டைக் குறைப்பதானாலும் முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாயை இன்றிரவே உள்ளே கொண்டுபோங்கள். தம்பதி ஜெபத்துக்காகப் பிரிந்திருப்பது இருவர் சம்மதத்தோடும் சிலகாலத்துக்கும் மட்டுமே என்று 1 கொரிந்தியர் 7:5 வரையறுத்திருக்கிறது. திண்ணையில் படுத்தது பரிசுத்தம் என்று உங்களுக்குத் தோன்றலாம். உள்ளே இருப்பவருக்கு அது கைவிடப்பட்டதுபோல. முதலில் மன்னிப்புக் கேளுங்கள், காரணம் சொல்லாமல். ‘உன்னைக் கேட்காமல் உன் நகையைக் காணிக்கை வைக்கப் பார்த்தேன்’ என்ற ஒரு வாக்கியம் போதும்.

நாற்பது தடவை ஜெபிப்பது

கடிதத்தில் என்னை அதிகம் கலங்க வைத்தது இதுதான். சரியாகச் சொல்லவில்லை என்று மறுபடி மறுபடி ஜெபிப்பது பக்தியின் ஆழம் என்று நினைக்கிறீர்கள். மதம் சார்ந்த எண்ணச்சுழல் என்று ஒரு நோய் உண்டு. கையைக் கழுவிக் கழுவித் திருப்தி வராதவருக்கு இருக்கும் அதே நோய்தான், ஜெபத்தின் உடையில் வரும். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதில் போனால், தூக்கம் கெட்டால், வேலை கெட்டால், மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்தும் பேச்சு சிகிச்சையும் நன்றாகப் பலன் தரும். 14416 என்ற இலவச எண்ணில் டெலி மனஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) ஆலோசகர்கள் இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அந்த எண்ணுக்குப் பேசுங்கள், மனைவியையும் எழுப்புங்கள்.

அதுவரை ஒரு ஒழுங்கு. காலையில் வெட்டுக்குப் போகுமுன், முற்றத்தில் நின்று, சத்தமாக, ஒரே ஒரு தடவை: “ஆண்டவரே, இந்த நாளும் என் கைகளும் உம்முடையவை.” சரியாகச் சொல்லவில்லை என்று தோன்றினாலும் திரும்பச் சொல்லாதீர்கள். அந்த அரிப்போடே முதல் மரத்துக்குப் போங்கள். முதல் வாரம் கொடுமையாக இருக்கும். கெத்செமனேயில் ஆண்டவர் மூன்று முறை ஜெபித்துவிட்டு எழுந்து நடந்தார்.

ஏழாம் பக்கத்து வரி

இனி உங்கள் அண்ணன். ஒன்பது பக்கத்தில் அவருக்கு நீங்கள் கொடுத்தது ஒரு வரி. முன்பின் அறியாதவர்களுக்கு 20 சென்ட் எழுதிக்கொடுக்கத் துணிந்தீர்கள். கூடப்பிறந்தவரோடு ஒன்றரை சென்டுக்கு ஆறு வருடம் பேசவில்லை. ‘எதையோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்று உள்ளே உறுத்துகிறது, என்னவென்று தெரியவில்லை’ என்று நான்காம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஏழாம் பக்கத்தில் தெரிந்தது. காணிக்கையைப் பலிபீடத்தின்முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னவர் (மத்தேயு 5:23-24) உங்களிடம் நிலத்துக்கு முன் இதைத்தான் கேட்பார். ரோமர் 12-ஆம் அதிகாரத்தை முதல் வசனத்தோடு நிறுத்திவிட்டீர்கள். 18-ஆம் வசனம் வரை போங்கள். கூடுமானால், உங்களாலானமட்டும், எல்லா மனுஷரோடும் சமாதானம்.

‘உங்களாலானமட்டும்’ என்று பவுல் எல்லை வைத்திருப்பதைக் கவனியுங்கள். அண்ணன் மனம் மாறுவது உங்கள் பொறுப்பில் இல்லை. நிலத்தைச் சும்மா விட்டுக்கொடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. அதிலும் மனைவிக்குப் பங்கிருக்கிறது, அவரைக் கேட்க வேண்டும். முதலில் அண்ணன் வீட்டுக்குத் தனியாகப் போங்கள். பத்திரம், வரைபடம் எதுவும் கையில் வேண்டாம். அண்ணி தரும் கட்டன்சாயாவைக் குடியுங்கள். முதல் நாள் நிலத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ‘ஆறு வருஷம் பேசாமலிருந்தது என் தப்பு’ என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். அவர் முகம் கொடுக்காவிட்டால் ஒரு மாதம் விட்டு மறுபடி போங்கள்.

பேச்சு வந்த பிறகு, ‘அளந்து பார்ப்போம், எது வந்தாலும் ஏற்போம்’ என்று இருவரும் ஒத்துக்கொண்டு, தாலுகா அலுவலகத்தின் நில அளவைப் பிரிவில் எல்லையைக் காட்டக் கேட்டு மனுக் கொடுங்கள். புல வரைபடத்தை வைத்து சர்வேயர் அளப்பார். பக்கத்து நிலக்காரருக்கும் அறிவிப்புப் போகும். ஆனால் அறிவிப்பு போய்ச் சேருமுன் நீங்களே நேரில் சொல்லிவிட வேண்டும். அரசாங்கக் கடிதம் முதலில் கிடைத்தால் கேஸ் போட்டதாக நினைப்பார். அளக்கும் அன்று இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அங்கே நிற்கட்டும். கையாலை அண்ணன் கட்டினது சரியாகவே இருந்துவிடவும் கூடும். அதற்கும் மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள். அளவு யார் பக்கம் வந்தாலும் மனுவுக்கான கட்டணமும் கல் நடும் செலவும் உங்களுடையதாக இருக்கட்டும்.